சண்டை விளையாட்டில் ஓர் அடையாளப் பொருளின் வடிவ மாற்றத்தை ஆராய்வது எப்படி

சண்டை வகை வீடியோ விளையாட்டுகளில் கதாபாத்திரத்தை நாம் பெரும்பாலும் முகத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. பரபரப்பான ஆட்டத்தின் நடுவில் கண்ணில் படுவது ஒரு தொப்பியின் விளிம்பு, ஒரு நகக்கத்தியின் கீற்று, ஆள் உயர வாளின் சாய்வு ஆகியவைதான். அவற்றைக் கொண்டே எதிரில் நிற்பது யார் என்று முடிவு செய்கிறோம். மோர்ட்டல் காம்பேட்டின் குங் லாவுக்கு விளிம்பு கூரான தொப்பி, ஸ்ட்ரீட் ஃபைட்டரின் வேகாவுக்கு முகமூடியும் நகக்கத்தியும், சோல்காலிபரின் நைட்மேருக்குக் கண் விழித்திருக்கும் பெருவாள், கில்ட்டி கியரின் மேவுக்கு நங்கூரம் என்று இந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் சில 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாகத்துக்குப் பாகம் புதிதாக வரையப்பட்டு வருகின்றன. அந்த மாற்றத்தை முறையாகப் பின்தொடர்ந்து, காரணத்தோடு எழுத விரும்புபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒரே விதமாக முடிந்துவிடுகின்றன. படங்களைக் கால வரிசையில் அடுக்கி, பழையது எளிமையானது, புதியது நுணுக்கமானது என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவும் இல்லை. சண்டை விளையாட்டில் ஒரு கதாபாத்திரம் கையில் பிடித்திருக்கும் பொருள் முதலில் ஒரு கருவி. அலங்காரம் என்பது அதற்குப் பிறகுதான். அந்தப் பொருள் ஆட்டத்தில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலையைக் காட்ட அந்தக் கால இயந்திரம் எவ்வளவு இடம் கொடுத்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடாமல், வரைந்தவரின் ரசனையைப் பற்றிப் பேசத் தொடங்குவது முறையாகாது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் வழிமுறை முழுவதும் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது.

பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தோற்றத்தையும் ஒருசேர ஆராயப் புகுந்தால் உடை, சிகை, உடற்கட்டு என்று கவனம் சிதறி, எதைப் பற்றியும் இரண்டு வரிக்கு மேல் சொல்ல முடியாமல் போகும். எடுக்கும் பொருள் குறைந்தது நான்கு பாகங்களிலாவது வந்திருக்க வேண்டும். கையால் வரைந்த தட்டைப் படமான ஸ்ப்ரைட்டிலிருந்து, கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிய பாலிகன் மாடலுக்குத் தாவும் எல்லையை ஒரு முறையாவது கடந்திருக்க வேண்டும். முடிந்தவரை தாக்குதலில் பங்கு பெறுவதாக இருக்க வேண்டும். இடையில் பல ஆண்டுகள் காணாமல் போய்த் திரும்பி வந்த பொருளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அப்போது சிறுசிறு மாற்றங்களாக நடந்திருக்க வேண்டியவை ஒரே பாய்ச்சலில் நடந்திருக்கும். 2002-இல் கில்ட்டி கியர் எக்ஸ்எக்ஸில் அறிமுகமான பிரிட்ஜெட், எக்ஸ்ஆர்டி பாகங்களில் இடம்பெறாமல், 2022-இல் ஸ்ட்ரைவில் கூடுதல் கதாபாத்திரமாகத் திரும்பியபோது அவருடைய யோ-யோ அப்படித்தான் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தது.

டெக்கனின் யோஷிமிட்சு கடினமான தேர்வு, ஆனால் அருமையான தேர்வு. 1994-இல் வந்த முதல் பாகம் தொடங்கி 2024-இல் வந்த எட்டாம் பாகம் வரை அவருடைய தோற்றம் ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படுகிறது. கவசம் மாறும், முகமூடி மாறும், நிறம் மாறும். ஒரு பாகத்தில் இயந்திரம் போலவும் இன்னொரு பாகத்தில் கடல்வாழ் உயிரினம் போலவும் இருப்பார். ஆனால் வாள் மட்டும் கூடவே வரும். கை கால்களால் அடித்துக்கொள்வதே விதியாக உள்ள ஒரு விளையாட்டில் வாளோடு வந்து நிற்பதே அவருடைய அடையாளம் என்பதால், மற்ற எல்லாவற்றையும் மாற்றும் உரிமையை அந்த வாள்தான் ஓவியர்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். இப்படிப்பட்டவரை எடுத்துக்கொண்டால் உங்கள் கேள்வியையே திருப்பிப் போட வேண்டியிருக்கும்: பொருள் எப்படி மாறியது என்று கேட்பதற்குப் பதிலாக, சுற்றியுள்ள எல்லாம் மாறும்போது பொருளில் எதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும்.

படங்களைச் சேர்த்தல்

ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று வகைப் படங்கள் கிடைக்கும். விளம்பரத்துக்கும் அட்டைக்கும் வரைந்த ஓவியம் ஒன்று. கதாபாத்திரத் தேர்வுத் திரையில் வரும் உருவப்படம் இன்னொன்று. ஆட்டத்தின்போது திரையில் நகரும் உருவம் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருபோதும் கலந்து ஒப்பிடக் கூடாது. 1991-இன் அட்டை ஓவியத்தை 2016-இன் ஆட்ட உருவத்தோடு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது காலத்தின் மாற்றத்தை அல்ல, இரண்டு வெவ்வேறு ஊடகங்களின் இடைவெளியை. ஓவியத்தை ஓவியத்தோடும் ஆட்ட உருவத்தை ஆட்ட உருவத்தோடும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரே பாகத்துக்குள் உள்ள வேறுபாட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியர் மனத்தில் நினைத்ததில் எவ்வளவு திரைக்கு வந்து சேர்ந்தது என்பதை அந்த வேறுபாடுதான் காட்டும்.

காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கான பழைய ஆர்கேட் விளையாட்டுகளிலிருந்து படம் எடுப்பவர்கள் பிக்சலின் வடிவத்தைக் கவனிக்கத் தவறுவது உண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய காப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-1 என்ற மின்சுற்றுப் பலகை 384 பிக்சல் அகலமும் 224 பிக்சல் உயரமும் உள்ள படத்தைத் தருகிறது. அந்தப் படம் அக்காலத்தின் 4:3 விகிதத் திரையில் நிரப்பிக் காட்டப்பட்டது. அதாவது ஒவ்வொரு பிக்சலும் சதுரமாக இல்லாமல் சற்றே ஒடுங்கி நின்றது. அதே படத்தை, பழைய இயந்திரத்தைப் போலவே கணினியில் இயங்கும் எமுலேட்டரிலிருந்து கச்சாவாக எடுத்துச் சதுரப் பிக்சல்களாகப் பார்த்தால் எல்லாமே ஏறத்தாழ 29 விழுக்காடு அகலமாகத் தெரியும். ஆள் குண்டாகத் தெரிவதோடு நிற்காது. கிடைமட்டமாக நீட்டிய ஆயுதம் உள்ளதைவிட நீளமாகவும், நிமிர்த்திப் பிடித்த ஆயுதம் உள்ளதைவிடத் தடிமனாகவும் தெரியும். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு, பழைய பாகத்தில் நகக்கத்தி நீளமாக இருந்தது, பிறகு குறுகிவிட்டது என்று எழுதினால் அது முற்றிலும் பிழையான முடிவு. திருத்துவது எளிது: அகலத்தைத் தொடாமல் உயரத்தை 288 பிக்சலாக நீட்டினால் விகிதம் 4:3 ஆகிவிடும். எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ இயந்திரத்தில் படம் 320க்கு 224 என்பதால் இந்தப் பிழை 7 விழுக்காடு அளவில் அடங்கிவிடும். ஆனாலும் திருத்திவிட்டு அளப்பதே நல்லது.

ஒரே பாகத்துக்குள்ளும் பல பதிப்புகள் இருக்கும் என்பதால், படம் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, ஆர்கேடா வீட்டுக் கன்சோலா, இயல்பான உடையா மாற்று உடையா என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதி வையுங்கள். பெயரிலும் எச்சரிக்கை தேவை: நகக்கத்தி வீரரை ஜப்பானுக்கு வெளியே வேகா என்று அழைத்தாலும், ஜப்பானியப் பதிப்புகளில் அவர் பெயர் பால்ராக், அங்கே வேகா என்பது வேறொருவர். ஜப்பானிய ஓவியத் தொகுப்புகளில் தேடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அளத்தலும் அசைவில் பார்த்தலும்

அளவை உடலோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். பிக்சலில் இத்தனை நீளம் என்பது வெவ்வேறு திரைகளுக்கு இடையே பொருளற்றது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளத்தில் எத்தனை மடங்கு, தோளிலிருந்து தரை வரையுள்ள உயரத்தில் எத்தனை பங்கு என்று சொன்னால்தான் ஒப்பிட முடியும். முதலில் சும்மா நிற்கும் நிலையில் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே பொருளை மிக நீளமாக எட்டித் தாக்கும் நிலையில் அளந்து பாருங்கள். கையால் வரைந்த ஸ்ப்ரைட்டுகளில் இந்த இரண்டு அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. தாக்கும் ஃப்ரேமில், அதாவது அசைவின் அந்த ஒற்றைப் படத்தில், ஆயுதம் நீண்டிருக்கும், முனை பெருத்திருக்கும், சில சமயம் ஆயுதமே இல்லாமல் வெண்ணிறக் கீற்று மட்டும் இருக்கும். இது கவனக்குறைவால் வந்தது அன்று. ஒரு விநாடிக்கு 60 ஃப்ரேம்கள் ஓடும் ஆட்டத்தில், அடி விழும் நிலை சில ஃப்ரேம்களே நிற்கும். அந்தக் கணத்தில் கண்ணுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால் ஆயுதம் தன் உண்மை அளவை மீறித்தான் ஆக வேண்டும்.

பாலிகன் மாடல் வந்த பிறகு ஆயுதத்துக்கு ஒரு நிலையான அளவு வந்துவிட்டது என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. 2014-இல் வந்த கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி முப்பரிமாண மாடல்களால் ஆனது. ஆனாலும் கையால் வரைந்தது போலவே தெரியும். அதன் தொழில்நுட்பக் கலைஞர் ஜுன்யா மோட்டோமுரா விளையாட்டு உருவாக்குநர்களுக்கான 2015-ஆம் ஆண்டின் ஜிடிசி மாநாட்டில் அதன் முறையை விளக்கினார். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடைப்பட்ட அசைவைக் கணினி தானாக நிரப்பிக்கொள்ள விடாமல், ஒவ்வொரு நிலையையும் கையால் அமைத்து அப்படியே தாவ விட்டார்கள்; தேவையான நிலையில் உடலின் பகுதிகளை நீட்டியும் பெருக்கியும் மிகைப்படுத்தினார்கள். ஆகவே மாடலைத் தனியாகச் சுழற்றிக் காட்டும் படத்தை மட்டும் வைத்து அளந்தால் ஆட்டத்தில் தெரிவதைத் தவறவிடுவீர்கள். ஆடியதைத் திரும்பக் காட்டும் ரீப்ளேயை நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும் வசதி இருக்கும் விளையாட்டுகளில் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாதவற்றுக்கு 60 ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்த வீடியோ போதும்.

அசைவில் பார்க்கும்போது இன்னும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பொருள் பயன்படாதபோது எங்கே இருக்கிறது? குங் லா தொப்பியை எறிந்த பிறகு தலை வெறுமையாகத் தெரிகிறதா, தொப்பி திரும்பி வந்து சேருவது காட்டப்படுகிறதா, அல்லது அடுத்த கணம் தலையில் தானாக முளைத்துவிடுகிறதா? பொருள் தரையில் படும்போது ஒலி வருகிறதா? வென்ற பிறகு வரும் காட்சியில் அதை எப்படி வைத்துக்கொள்கிறார்? பாகத்துக்குப் பாகம் இந்த விடைகள் மாறுவதை எழுதி வைத்தால், நிலைப்படங்களை மட்டும் பார்த்தவருக்குக் கிடைக்காத பாதி வரலாறு உங்கள் கையில் இருக்கும்.

காரணத்தைத் தேடுதல்: இயந்திரம்

மாற்றங்களைக் குறித்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் முதலில் இயந்திரத்தில் காரணம் தேடுங்கள். ஏன் முதலில் என்றால், மற்ற காரணங்கள் எல்லாம் இயந்திரம் அனுமதித்த இடத்துக்குள்தான் இயங்க முடியும்.

90-களின் ஆர்கேட் பலகைகளில் ஒரு ஸ்ப்ரைட் வண்ணத் தொகுப்பில் 16 இடங்கள் இருக்கும். அதில் ஒன்று பின்னணி தெரிவதற்காக விடப்படும். மீதி 15 வண்ணங்களுக்குள் தோல், முடி, உடை, ஆயுதம் எல்லாம் பெரும்பாலும் அடங்கியாக வேண்டும். எஃகின் பளபளப்புக்குத் தனியாக நான்கு சாம்பல் நிறங்கள் ஒதுக்கினால் தோலின் நிழலுக்கு நிறம் மிஞ்சாது. ஆகவே ஆயுதம் உடையிலிருந்தோ கண்ணின் வெண்மையிலிருந்தோ நிறத்தைக் கடன் வாங்கும். இரண்டாம் ஆட்டக்காரருக்காக வண்ணத் தொகுப்பை மாற்றினால் ஆயுதத்தின் நிறமும் சேர்ந்தே மாறும். பழைய பாகங்களில் ஒரே ஆயுதம் இருவேறு நிறத்தில் தெரிந்தால், அதற்குக் கதைக் காரணம் தேடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

அடுத்தது இடவல மாற்றம். நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக, வலப்பக்கம் பார்க்கும் ஸ்ப்ரைட்டையே கண்ணாடிபோல் திருப்பி இடப்பக்கத்துக்கும் பயன்படுத்தினார்கள். அதனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் வேகா திரும்பினால் நகக்கத்தி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்விடும். இன்னொரு வீரரான சாகட்டின் கண்பட்டை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவும். பின்னர் சிபிஎஸ்-3 பலகையில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இல், உடலின் ஒரு பாதி சிவப்பும் மறு பாதி நீலமுமான கில் என்ற வீரருக்கு இரு திசைக்கும் தனித்தனிப் படங்கள் வரைந்தார்கள். ஒருபக்கம் மட்டும் உள்ள அடையாளப் பொருளைப் பின்தொடர்பவர்கள், ஒவ்வொரு பாகத்திலும் கதாபாத்திரத்தை இரு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்தே ஆக வேண்டும்.

சாமுராய் ஷோடவுன் 1993-இல் வந்தபோது, வீரர்கள் விலகிச் சென்றால் காட்சியும் பின்னோக்கி விலகி உருவங்கள் சிறுத்துவிடும் உத்தி பெரிய வியப்பாக இருந்தது. நியோ ஜியோ அந்தச் சுருக்கத்தைச் செய்யும் விதம் இடையிடையே உள்ள பிக்சல் வரிகளை விட்டுவிடுவதுதான். ஒரு பிக்சல் தடிமன் உள்ள வாளின் கோடு அப்படி விடப்படும் வரியில் அமைந்துவிட்டால் அந்த இடத்தில் வாள் அறுந்து தெரியும். தொலைவுக் காட்சியையும் நெருக்கக் காட்சியையும் தனித்தனியாக எடுத்து, வாளின் அலகு எத்தனை பிக்சல் தடிமனில் வரையப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அழகுக்காகத் தடித்தது என்று தோன்றிய அலகு, சுருங்கும்போதும் அறுபடாமல் தெரிய வேண்டிய தேவையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

மோர்ட்டல் காம்பேட்டின் நிலை வேறு. 1992, 1993, 1995 ஆகிய ஆண்டுகளில் வந்த முதல் மூன்று பாகங்களில் நடிகர்களைப் படம்பிடித்து, அந்தப் படங்களையே ஸ்ப்ரைட்டுகளாக மாற்றினார்கள். உடலோடு சேர்ந்து தெரியும் பொருள்களை யாரோ ஒருவர் உண்மையில் அணிந்து நின்றார். துணியும் அட்டையும் உலோகமும் என்ன வடிவத்தில் நிற்குமோ அந்த வடிவமே திரைக்கு வந்தது. 1997-இல் நான்காம் பாகம் பாலிகனுக்கு மாறிய பிறகுதான், மனிதர் அணிந்து நடக்க முடியாத வடிவங்களுக்கும் வழி திறந்தது. குங் லாவின் தொப்பி விளிம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு தட்டை என்று ஒப்பிடுபவர்கள் இந்த எல்லைக்கோட்டை அட்டவணையில் தடித்த கோடாகவே போட்டுவிடலாம்.

காரணத்தைத் தேடுதல்: ஆட்ட விதி

என் பார்வையில் மிகவும் வளமான பகுதி இதுதான். அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். ஒரு பொருளை இழக்க முடியுமா, எறிய முடியுமா, கழற்ற முடியுமா என்ற விதி மாறினால் அதன் தோற்றம் சும்மா இருக்காது.

வேகாவின் நகக்கத்தியை முழு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் 1991 முதல் பதிப்பில் அவர் கணினி மட்டுமே இயக்கும் எதிரி. 1992-இன் சாம்பியன் எடிஷனில்தான் நம் கைக்கு வந்தார். அந்தக் காலத்தில் நகக்கத்தி ஒரு பேறும் ஓர் அபாயமுமாக இருந்தது: அது இருக்கும்வரை கை நீளமாக எட்டும், ஆட்டத்தின் போக்கில் அடிகள் சேரச் சேர அது கழன்று விழும், விழுந்த பிறகு எட்டும் தூரம் குறைந்துவிடும். இந்த விதிக்கு வடிவத்தில் தேவைப்படுவது ஒன்றே ஒன்று. கத்தி இருக்கிறதா இல்லையா என்பது திரையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். முன்கையைத் தாண்டி நீளும் மூன்று நேர்க்கோடுகள் அதை மிகச் சரியாகச் செய்கின்றன. கைப்பிடிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, உலோகம் எங்கே வளைகிறது என்பதற்கெல்லாம் அந்த விதியில் இடமே இல்லை.

2016-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் விதி தலைகீழாக மாறியது. நகக்கத்தியை அணிவதும் கழற்றுவதும் ஆட்டக்காரரின் விருப்பமாகிவிட்டது; கத்தியோடு ஒருவிதத் தாக்குதல், வெறுங்கையோடு பிடித்து எறிவது உள்ளிட்ட வேறுவிதத் தாக்குதல் என்று இரண்டு நிலைகள் வந்தன. இழப்பாக இருந்த ஒன்று தேர்வாக மாறும்போது, அணியும் செயலும் கழற்றும் செயலும் ஆட்டத்தின் பகுதியாகின்றன. அவற்றைக் காட்ட அசைவு வேண்டும். கையில் மாட்டக்கூடிய பொருளாக அது நம்பும்படி இருக்க வேண்டும். இரு பாகங்களின் கத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் புதியதில் பட்டையும் பிடியும் தெளிவாக இருப்பதைக் கண்டு, நுணுக்கம் கூடியிருக்கிறது என்று மட்டும் எழுதினால், அந்த நுணுக்கம் எந்த வேலையைச் செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டவராகிறார்.

இதே கண்ணோடு மற்ற விதிகளையும் பாருங்கள். சோல்காலிபரின் முன்னோடியான சோல் எட்ஜில் ஆயுதத்துக்கென்றே ஓர் அளவுமானி இருந்தது. அது தீர்ந்தால் ஆயுதம் போய்விடும், வெறுங்கையோடு போராட வேண்டும். 1998-இல் வந்த சோல்காலிபர் அந்த மானியைக் கைவிட்டது. ஆயுதம் இனி உடலை விட்டு நீங்காது என்ற உறுதி கிடைத்த அதே பாகத்தில்தான் ஐவி அறிமுகமானார். வாளாகவும் துண்டு துண்டாகப் பிரிந்து சாட்டையாகவும் மாறும் அவருடைய ஆயுதத்தை நீக்கிவிட்டால் அந்தக் கதாபாத்திரமே இல்லை. ஆயுதம் நிரந்தரம் என்ற விதிக்குள் அப்படி ஒருவர் இயல்பாகப் பொருந்துகிறார். சோல்காலிபர் 2-இன் பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் விருந்தினராக வந்த டெக்கனின் ஹெய்ஹாச்சிக்குக் கையுறைக் கவசம் கொடுத்தார்கள். எல்லோரும் ஆயுதம் ஏந்தும் உலகத்துக்குள் வெறுங்கை வீரர் நுழைந்தால் அவர் முஷ்டியே ஆயுதமாக உருமாறியாக வேண்டியிருந்தது.

எறியும் விதியைப் பார்க்க குங் லா இருக்கிறார். மோர்ட்டல் காம்பேட் 2-இல் பறக்கும் தொப்பியை ஆட்டக்காரர் மேலும் கீழும் திருப்பலாம். திருப்ப வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்பது தொடர்ந்து தெரிய வேண்டும். 2011-இன் பாகத்தில் அவருடைய கொலைக்காட்சி ஒன்றில் தொப்பி தரையில் நிமிர்ந்து சுழலும் ரம்பம்போல் நிற்க, எதிரியை அதன் மேல் இழுத்துச் செல்கிறார். தொப்பி பறக்கும் பொருளாக மட்டும் இருந்தபோது போதுமாக இருந்த விளிம்பு, ரம்பமாகச் சுழலும்போது உலோகமாகவே கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

காரணத்தைத் தேடுதல்: கதையும் விற்பனையும்

கதைக் காரணங்களில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிவது முக்கியம். கதையே மாற்றத்தைக் கேட்பது ஒரு வகை. சோல் எட்ஜில் அந்தப் பெயருடைய வாள் செர்வான்டெஸ் என்ற கதாபாத்திரத்தின் கையில் இரட்டை வாளாக இருந்தது. சோஃபிடியா அவற்றுள் ஒன்றை உடைத்தார். மிஞ்சியதை சீக்ஃபிரீட் எடுத்தபோது அது ஒற்றைப் பெருவாளாக உருமாறி, அவரை நைட்மேராக்கியது. எடுப்பவரின் சண்டை முறைக்கேற்ப வாள் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற அடித்தளம் கதையிலேயே இருப்பதால், ஓவியர்கள் எந்த மாற்றத்தையும் தயங்காமல் செய்யலாம். சோல்காலிபரின் 2018-இன் ஆறாம் பாகம் தொடக்க காலக் கதையையே மீண்டும் சொல்வதால், அதன் வாளை ஐந்தாம் பாகத்தின் வாளோடு மட்டும் அல்லாமல் 1998-இன் வாளோடும் ஒப்பிட்டாக வேண்டும். வெளியீட்டு வரிசையும் கதை வரிசையும் வேறுபடும் தொடர்களில் இரண்டு வரிசைகளிலும் படங்களை அடுக்கிப் பாருங்கள்.

மற்றொரு வகையில் மாற்றம் முதலில் நடந்துவிடும். கதை பின்னால் வந்து காரணம் சொல்லும். 1987-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியுவின் தலைப்பட்டை வெள்ளை. 1991-இன் இரண்டாம் பாகத்தில் சிவப்பு. அந்த இரு பாகங்களுக்கு இடைப்பட்ட காலத்தைச் சொல்லும் ஆல்ஃபா தொடர் 1995-இல்தான் தொடங்கியது. அதில்தான் ரியுவின் நண்பர் கென் தன் தலைமுடியைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை ரியுவுக்குக் கொடுத்ததாகக் கதை அமைத்தார்கள். மிக அழகான காட்சி அது. நட்பைச் சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் 1991-இல் பட்டை சிவப்பானதற்கு அதுதான் காரணம் என்று எழுதினால் காலம் பின்னோக்கி ஓடியதாகிவிடும். கதை விளக்கம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று எப்போதும் சரிபாருங்கள்.

விற்பனைக் காரணம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். 2017-இன் இன்ஜஸ்டிஸ் 2, 2019-இன் மோர்ட்டல் காம்பேட் 11 போன்றவற்றில் கதாபாத்திரத்தின் பகுதிகளைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ளும் முறை வந்தது. ஸ்கார்ப்பியனின் ஈட்டி, குங் லாவின் தொப்பி ஆகியவை கழற்றி மாற்றும் பொருள்களாகி, ஒவ்வொன்றுக்கும் பற்பல வடிவங்கள் வந்துவிட்டன. இத்தகைய பாகங்களில் ஒரு வடிவத்தை மட்டும் எடுத்து இதுதான் இந்தப் பாகத்தின் தொப்பி என்று சொல்வது தவறு. கிடைக்கும் எல்லா வடிவங்களையும் கருநிழலாக மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக எஞ்சும் பகுதிதான், அந்த நிறுவனத்தின் ஓவியர்கள் எதைத் தொடக் கூடாது என்று தங்களுக்குள் வைத்துக்கொண்டார்களோ அதற்கு மிக அருகில் நிற்பது. நான் சொல்லிய வழிமுறைகளில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

எழுதும்போது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று வாக்கியங்கள் போதும்: என்ன மாறியது, எந்தப் பாகத்தில் எந்த ஆண்டில் மாறியது, எந்தக் காரணத்தால் என்று நீங்கள் கருதுகிறீர்கள். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டும். உருவாக்கியவரே மேடையிலோ பேட்டியிலோ சொன்னது வேறு. படங்களையும் விதிகளையும் வைத்து நீங்கள் ஊகித்தது வேறு. இந்த வழிகாட்டியில் எக்ஸ்ஆர்டியின் அசைவு முறை முதல் வகை. நகக்கத்தியின் வடிவத்துக்கு நான் சொன்ன விளக்கம் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே குரலில் எழுதினால், உங்கள் ஊகத்தை நாளை இன்னொருவர் உண்மையாக மேற்கோள் காட்டுவார்.

காரணம் கண்டுபிடிக்க முடியாத மாற்றங்களும் கடைசியில் சில மிஞ்சும். பிடியின் நிறம், கயிற்றின் முடிச்சு, குஞ்சத்தின் நீளம் போன்றவை அவை. அவற்றுக்கு வலிந்து காரணம் கற்பிக்காமல், ஓவியரின் கைவழக்கம் என்ற தலைப்பில் தனியாக வைத்து, அந்தப் பாகத்தின் ஓவியர் யார் என்பதையும் உடன் குறியுங்கள். அதே ஓவியர் வரைந்த மற்ற கதாபாத்திரங்களிலும் அந்த முடிச்சும் குஞ்சமும் தென்படுகின்றனவா என்று தேடிப் பார்ப்பது அடுத்த கட்ட வேலை. புதிய பாகம் அறிவிக்கப்பட்டதும் வரும் முன்னோட்டக் காட்சிகளைச் சேர்த்து வையுங்கள், ஆனால் அட்டவணையில் ஏற்றாதீர்கள்; முன்னோட்டத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையில் பொருளின் வடிவம் மாறக்கூடும், அப்படி மாறினால் அந்த இரண்டு படங்களும் ஒரே பாகத்துக்குள் நடந்த மாற்றமாகத் தனி வரியில் இடம்பெற வேண்டும்.